ஒலியில்லாத கோப்பு

மல்லாகம் நீதிமன்றத்தில் போட்டபோது
ஒன்றும் தெரியவில்லையாம்.
முதல் கடைக்காரன் கோப்பை அப்படியே
இறுவட்டில் தூக்கிப் போட்டிருக்கிறான்.
அங்கே இருப்பது பழைய பிளேயர்.
அதற்கு ஒரு பாஷைதான் தெரியும்,
அதில் சொன்னால்தான் வாய் திறக்கும்.
அடுத்த தவணை வெள்ளிக்கிழமை.

"உங்களால ஏலுமோ பிள்ளை?"
கேட்டுவிட்டு அருந்தவச்செல்வி கொஞ்சம் நின்றா.
என் கண்களைப் பார்த்திருப்பா.
அந்த இடத்தில் எல்லாரும் நிற்கிறவர்கள்தான்.

ஏலும்.
சுன்னாகம் சந்தைக்குப் பின்னால், தையல்கடைக்கு மேலே,
மவுஸ் இல்லாத கணனி என்னுடையது.
காதுக்குள் ஒருத்தன்
மூக்கடைத்த இங்கிலீசில் வாசித்துக்கொண்டிருப்பான்.
மென்பொருள் காசு கேட்காதது, இரண்டு பதிப்புப் பழையது.
புதியதில் படங்கள் வடிவாம்.
வடிவான படங்களுக்கு அவன்
பட்டன், பட்டன், பட்டன் என்பதோடு சரி.
பழையதில் ஏழு தரம் டாப், ஒரு தரம் ஸ்பேஸ்:
கோப்பு உள்ளே போய்விடும்.

போனது.
ஹெட்போனைக் கழற்றி, திருகி, மறுபடி போட்டேன்.
ஒரு சத்தமும் இல்லை.
கலியாணவீடென்றால் மேளத்தில் பிடிப்பேன்,
சாமத்தியவீடென்றால் ஆராத்தித் தட்டின் சில்லறையில்.
இது எதிர்வீட்டு வாசல் கமரா.
ஒழுங்கை, வேலி, இரவு.
காது வைக்க ஓர் இடமில்லை.

சட்டத்தரணிக்கு அத்தியாயங்கள் வேண்டுமாம்,
ரிமோட்டை அழுத்தினால் நேரே சம்பவத்துக்குப் போக.
எந்த நிமிடம் என்று எனக்கு எப்படித் தெரியும்?
தூசி தட்டித் திரையைப் போட்டேன்.
கதிரை ஒன்றை இழுத்துவிட்டேன்.
"பார்த்துச் சொல்லுங்கோ, நான் குறிக்கிறன்."

"ஒழுங்கை... நாய் போகுது... ஒண்டுமில்லை...
இந்தா, வாறான்!
கதியாலை ஆட்டுறான், பாருங்கோ, பாருங்கோ!"
பார்க்கச் சொன்னது நினைவு வந்து
நாக்கைக் கடித்துக்கொண்டா.
நான் குறித்தேன்: பதினாலாம் நிமிடம்.
"பிடுங்கீற்றான். ரெண்டடி உள்ளுக்கு நடுறான்.
எங்கட பக்கம்! எங்கட பக்கம்!"
பதினேழு.
"ஆரோ டோர்ச் பிடிக்கினம். ரெண்டாமாள்.
முகத்தை இஞ்சால திருப்பினால் –"

அவ்வளவுதான்.

கீழே தையல் மெசின் ஓடி நின்றது.
மறுபடி ஓடியது.
மின்விசிறிக் காற்றில் அவவின் பையிலிருந்து
பிலாப்பழ வாசம்.
"பிறகு?"
"பிறகு ஒண்டுமில்லை. முடிஞ்சுது."
காதுக்குள் இருந்தவன் சொன்னான்:
மிச்சம் பதினொரு நிமிடம்.

வெட்டத் தெரியும் எனக்கு.
மூன்று தரம் டாப், ஒரு டிலீட்.
கேட்டிருந்தால் வெட்டியிருப்பேனா,
இன்றுவரை தெரியாது.
அவ கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.
விரல் மட்டும் டிலீட்டின் மேல்
வெறுமனே இருந்தது.

"முழுசாப் போடுங்கோ," என்றா கடைசியில்,
இறைக்காத கிணற்றிலிருந்து வாளி ஏறுகிற மாதிரி.

மாற்றுவதற்கு நாற்பது நிமிடம்.
எழுதும்போது தொண்ணூற்றிரண்டு வீதத்தில்
கறண்ட் போனது.
ஒரு வட்டு நாசம்.
அதைத் தவராசாவின் மிளகாய்த் தோட்டத்துக்குக் கொடுப்பேன்,
கிளி விரட்ட. வெயிலில் மின்னுமாம்.
அவ எழும்பிப் போவா என்று நினைத்தேன்.
கதிரை அசையவில்லை.
கறண்ட் வந்தது. இரண்டாவது வட்டு.
பூச்சியம், ஒன்று, இரண்டு...
அவன் நூறு சொன்னதும்
தட்டு வெளியே நீண்டது, சுடச்சுட.

மேசையில் இருக்கிற பழைய பிளேயரில் போட்டுப் பார்த்தோம்.
ரிமோட்டை அவவின் கையில் கொடுத்தேன்.
அத்தியாயம் ஒன்று. இரண்டு.
மூன்றை அவ அழுத்தவில்லை.
ரப்பர் பட்டனைப் பெருவிரல் தடவுவது மட்டும் கேட்டது.

முந்நூற்றைம்பது ரூபா, பென் டிரைவ், உறை.
"மேல என்ன எழுத?" என்று
மார்க்கரைத் தேடி எடுத்தா.
வழக்கு எண், தேதி, வேறென்ன?
கீச்சுக் கீச்சென்று எழுதினா.
எண்ணுக்கு அவ்வளவு நேரம் எடுக்காது.
மூடி கிளிக்கென்றது.
மறுபடி திறந்து
இன்னும் ஒரு சொல்.

படியில் இறங்கும் செருப்புச் சத்தம்
நடுவில் ஒரு தரம் நின்றது.
நான் திரையை அணைத்தேன்.