பெல்ட்டைக் கழற்றவும்

எஸ்தோனியாவில் கடல் உறைந்த பிப்ரவரி.
ஹீயுமா தீவுக்குப் பனிப்பாதை திறந்திருந்தார்கள்.
ஹெல்வேவுக்கு வயது அறுபத்தொன்பது,
அவள் ஓட்டுநர் உரிமத்துக்குப் பதினோரு நாள்.

"சீட் பெல்ட்டைக் கழற்றிடுங்க" என்றான்
கரையில் நின்ற காவல்காரப் பையன்.
"பனி உடைஞ்சா உடனே குதிக்கணும்."

நாற்பத்திரண்டு வருடம்
பக்கத்து இருக்கையில் பெல்ட்டோடு போனவள்
சிரித்துவிட்டாள், கொஞ்சம் சத்தமாகவே.

க்ளிக்.

சக்கரத்துக்கடியில் கடல் முனகியது.
வயிறு கல்லானது.
இரண்டாம் முயற்சியில்தான் கியர் விழுந்தது.

நடுவழியில் இரண்டு கரையும் தெரியவில்லை.
வண்டியை நிறுத்தக் கூடாதென்பது விதி.
நிறுத்த அவளுக்கும் மனமில்லை.

அக்கரையில் ஒரு வேலையும் கிடையாது.
காப்பி குடித்தாள். மீன் வறுவல் சுமார்தான்.
இருட்டினால் பாதையை மூடிவிடுவார்கள்
என்றாள் கடைக்காரி, மணியைக் காட்டி.

மூடட்டுமே.
இன்னொரு காப்பி கேட்டாள்.