எட்டாவது இலக்கம்

மைனஸ் பதினேழு.
டௌகவ்பில்ஸ் யார்டு, பன்னிரண்டாம் தண்டவாளம்.
நான் கொக்கி கழற்றுகிறவன்,
ஸ்கைட்ரீதே வண்டியெண் குறிக்கிறவள்.
டார்ச்சை ஓர் எண்ணெய் டேங்கர்மேல் அடித்தாள்.
பிறகு நகரவே இல்லை.

73939133

"இது செல்லாது" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து, வேறு குரலில்,
"இது இங்கே எப்படி வந்தது?"

செல்லாது என்பது எனக்கும் தெரியும்.
முதல் ஏழும் வண்டியின் பெயர்,
எட்டாவது காவலாள்.
ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து,
ஈரிலக்கம் வந்தால் அதையும் உடைத்து,
எல்லாம் கூட்டினால் முப்பத்தாறு.
நாற்பதுக்கு நாலு குறைகிறது.
நாலு நிற்கவேண்டிய இடத்தில் மூன்று.
பணிமனையில் லுக்யான் பெயின்ட் அடித்திருப்பான்:
ஒரு கண்ணில் புரை,
மறு கண்ணில் சனிக்கிழமை இரவு.

"நீ செய்கிற வேலைதான், பார்.
பின்னாலிருந்து கழற்று" என்று
கையுறையால் ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டே போனாள்.

73939133
7393913
739391
73939
7393
739
73
7

எங்கே கழற்றினாலும்
மிஞ்சி நிற்பது பகா எண்.
இன்ஜின் மட்டும் தனியே நின்றாலும்.

ஒன்பதாவதாய் ஒரு பெட்டி கோத்தால்?
"எதைக் கோத்தாலும் உடைந்துபோகும்.
இந்த இனத்தில் இதைவிடப் பெரியது கிடையாது."

எப்போதோ ஒரு குளிர்காலம் முழுக்க
வண்டி வராத இரவுகளில்
பட்டியல் தாள்களின் முதுகில்
இதை வகுத்துப் பார்த்தாளாம்.
ஒவ்வொரு முறையும் ஈவு வந்தது.
இரக்கம்தான் வரவில்லை.
மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று ஏறி
கடைசியில் 8597.
மீதி 4933.
இனித் தேவையில்லை என்று பென்சிலை வைத்தபோது மார்ச்.
வெளியே ஆற்றின் பனி உடைந்திருந்தது.
எண் உடையவில்லை.

அதே எண் இன்று
கரிய எண்ணெய் வழிந்த தகரத்தில்,
ஒரு குடிகாரன் கைப்பிசகில்.

நான் சொன்னேன், விட்டுவிடு,
யார் பார்க்கப்போகிறார்கள்.
அவள் சிரித்தாள்.
கணினி பார்க்கும். எல்லையில் வண்டி நிற்கும்.
பின்னால் நாற்பது வண்டி நிற்கும்.

வெள்ளை டப்பா உறைந்திருந்தது.
கோட்டுக்குள் வைத்துச் சூடேற்றி
மூன்றின் மேல் நாலை அவளே எழுதினாள்.
கை நடுங்கியது குளிரால்தான்.

73939134.
சட்டப்படி சரி.
இரட்டைப்படை, கூட்டினால் முப்பத்தொன்பது,
ஆறு வந்து தட்டினால்
மீதி வைக்காமல் கதவைத் திறந்துவிடும்.

மூன்று நாற்பதுக்கு வண்டி கிளம்பியது.
டேங்கர் என்னைக் கடக்கையில்
கட்டைவிரலை நீட்டிக் கடைசி இலக்கத்தை மறைத்தேன்.
ஏழும் முழுசாய்ப் போயின.

காலையில் அவள் தாளைப் பார்த்தேன்.
மூன்று என்று எழுதி, அடித்து,
பக்கத்தில் நாலு.
அடித்த கோடு
படிக்க முடிகிற அளவுக்கு மெல்லியது.