நாங்குநேரிக்குத் தெற்கே

ஆறு பத்துக்கே வெயில்
உடைமுள்ளில் ஏறி நிற்கிறது.
மைதீன்பிச்சை நோட்டில் குறிக்கிறான்:
ராயபுரம் ஷெட், கூட்டினால் ஒன்பது வரும் எண்.
எனக்கு இன்று வண்டி வேண்டாம்.

பக்கத்தில் புதுப்பாதை.
ஜல்லி கொட்டியாயிற்று, கிளிப் மாட்டியாயிற்று.
புதுத் தண்டவாளம் செக்கச்செவேலென்று துரு,
பழையதுதான் பளபளக்கிறது.
குனிந்து ஒரு படம்.

"எந்தப் பேப்பர்ல போடுவீரு?"
கடப்பாரையோடு வந்தவர்.
பேப்பர் இல்லை என்றேன்.
"பின்ன என்னத்துக்கு வே?"
பதில் வருமுன் கன்னியாகுமரி வண்டி
மூவரையும் ஓரங்கட்டிப் போனது.
ஜன்னலில் ஒரு குழந்தை கையாட்ட
அவர்தான் முதலில் ஆட்டினார்.

மதியம் வெல்டிங்.
ஒடிசாப் பையன் சட்டியைப் பற்றவைத்த நொடி அழுத்தினேன்:
படத்தில் சட்டியும் இல்லை பையனும் இல்லை,
முழுக்க வெள்ளை.
அழிக்க மனமில்லை.

பொழுது சாய, முகம் கழுவிக்கொண்டே சொன்னார்:
"நாலு வண்டி ஓடுனா துரு போயிரும்.
அன்னைக்கு வாரும்.
நான் அரியலூர்ப் பக்கம் எங்கனயாச்சும்
துருவோட கெடப்பேன்."

பெயர் கேட்டேன். ஆறுமுகநயினார்.
காற்றாலைகள் மூன்று சுற்றின, ஒன்று சும்மா நின்றது.
அடுத்த வண்டி நாற்பது நிமிஷம் லேட்
என்றான் மைதீன்பிச்சை.

நல்லது.