கட்டைவிரல்

மூணாவது மாடி. ஹவுசிங் போர்டு.
கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை;
கேஸ் சிலிண்டரை உருட்டி முட்டுக்கொடுத்தாள் டெல்ஃபினா.
பாய் விரித்தாள். எண்ணெய் இறங்காமலிருக்க
மேலே ஒரு பழைய ஃபிளெக்ஸ்,
எவர் வீட்டு மஞ்சள் நீராட்டோ.
கிரீடம் வைத்துச் சிரிக்கும் அந்தப் பெண்ணின்மேல்
நான் குப்புறப் படுத்தேன்.

"ஜாக்கெட்டக் கழட்டு அமுலு, வெக்கப்படாத."

வெளிச்சத்தில் நான் கடைசியாய்க் கழற்றியது
ஸ்டான்லியில், எக்ஸ்ரே எடுக்க.
எலும்பு நல்லாத்தாம்மா இருக்கு என்ற டாக்டர்
சீட்டில் கால்சியம் எழுதினார், ரெஸ்ட் எழுதினார்.
ஏழாம் நம்பர் ஜன்னலில்
கால்சியம் மட்டும் கொடுத்தார்கள்.

நல்லெண்ணெயில் ஓமம் வெடிக்கிற வாசனை.
கொருக்குப்பேட்டைத் தண்டவாளத்தோரம்
அவள் ஒடித்துவந்த நொச்சி.
காற்று திரும்பும்போதெல்லாம்
மணலிப் பக்கமிருந்து அந்தக் கெட்டமுட்டை நாற்றம்.
எல்லாம் சேர்ந்தாத்தான் நம்மூரு தைலம் என்றாள்.

பகலெல்லாம் அவளுக்கு நுங்கம்பாக்கத்தில் வேலை.
அங்கே அவள் பெயர் டீனா.
சுவரிலேயே தண்ணீர் ஓடுமாம்,
குடம் இல்லாமல், வரிசை இல்லாமல்,
சும்மா, பார்ப்பதற்கு.
படுத்திருப்பவர்களிடம் பேசக்கூடாது என்பது அங்கே சட்டம்.
அந்தக் கடனையெல்லாம் ராத்திரியில்
என் முதுகின்மேல் தீர்த்துக்கொள்வாள்.

வலது தோளில் அவள் முழங்கை நின்றது.
"இங்க யாரு இருக்காங்க?"
ஐஸ் பெட்டி, என்றேன்.
"இங்க?"
இறால். தலை தனி, ஓடு தனி, நரம்பு தனி,
விடிவதற்குள் பத்துக் கிலோ.
"இங்க?"
இடுப்புக்குக் கொஞ்சம் மேலே,
எனக்கே தெரியாமல் என்னிடம் இருந்த ஓர் இடம்.

என்னவென்று சொல்வது.
போன மார்கழியில் ஒரு நாள்
நெஞ்சிலிருந்து கழுத்துக்குச் சூடு ஏற,
தூக்கத்திலிருந்து எழுந்து
ஐஸ் பெட்டி மூடியைத் திறந்து
முகத்தை உள்ளே விட்டுக்கொண்டு நின்றேன்.
வீட்டுக்காரர் லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு
"இன்னாடி, மீனு கூடப் பேசறியா" என்று
மறுபடி லைட்டை அணைத்தார்.
இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
வந்தது சிரிப்பு.
நிறுத்தப் பார்த்தால் இன்னும் வந்தது,
வயிறு குலுங்கி, மூக்கு ஒழுகி,
கீழே ஃபிளெக்ஸ் பெண்ணும் சேர்ந்து குலுங்கினாள்.
பக்கத்து வீட்டு ஷாஹிதா சுவரைத் தட்டி
"இன்னா ஜோக்கு, எங்களுக்கும் சொல்லுங்கடி" என்றாள்.
நல்லவேளை, ஒரு கூட்ஸ் வண்டி வந்து
எல்லாவற்றையும் மூடிக்கொண்டு போனது.

எழுந்து இருநூறு ரூபாய் நீட்டினேன்.
வாங்கினாள். நழுவி விழுந்தது.
எடுத்தாள். மறுபடி விழுந்தது.
கட்டைவிரல் மடங்கவில்லை.

"எத்தினி நாளா?"
"தீபாவளிக்கு மின்ன."
"அங்க தெரியுமா?"
"தெரிஞ்சா சீட்டக் கிழிச்சிடுவாங்க."

என் கையை முந்தானையில் துடைத்தேன்.
எலுமிச்சை தேய்த்தாலும் போகாத வாசனை அது.
அவள் ஒன்றும் சொல்லாமல்
விரலை என் மடியில் வைத்தாள்.

எனக்கு வர்மம் தெரியாது. நாடி தெரியாது.
தெரிந்ததெல்லாம் பிய்யாமல் உரிப்பது:
கழுத்தில் பிடித்து,
வளைவு போகிற பக்கமே போய்,
அவசரப்பட்டால் சதை ஓட்டோடு வந்துவிடும்.
அப்படித்தான் பிடித்தேன்,
கணுவுக்குக் கணு.

"வலிக்குதா?"
"பேசாத" என்றாள், கண்ணை மூடிக்கொண்டு.
அந்தச் சட்டத்துக்கு நான் அடங்கினேன்.

பிறகு கல்லுப்பு வறுத்து ஒத்தடம்.
இருந்தது ஒரு துணி.
அவள் விரலுக்கு ஒரு தரம், என் தோளுக்கு ஒரு தரம்,
சூடு தீரும்வரை.
ரூபாய் நோட்டு கிரீடத்தின்மேல்
எண்ணெய் குடித்துக் கிடந்தது,
யாரும் எடுக்கவில்லை.

மணி பதினொன்று.
மூன்று மணிக்குக் காசிமேட்டில் போட்டு வந்துவிடும்.
சிலிண்டரை நகர்த்தினோம்,
நாலு விரலும் ஒரு தோளுமாய்.