இடப்பக்கம்

முப்பத்தோராம் கிழமை.
இடப்பக்கம் சரிந்து படு என்றார்கள்.
இடப்பக்கத்தில் யன்னல்,
யன்னலில் ஆஸ்பத்திரி மதில்,
மதிலுக்கு மேலே ஒரு முழம் கடல்.
அவ்வளவுதான் இப்போது எனக்குத் திருகோணமலை.

விரல் வீங்கி,
மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழற்றி
நிரோஜனின் சேட்டுப் பைக்குள் போட்டேன்.
"கடலுக்குக் கொண்டு போயிடாதையுங்கோ."
அவர் கடலுக்குப் போகவே இல்லை என்று
மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.
கரை மறைந்தால் போன் எடுக்காதாம்.

விடிய ஆறு மணிக்குப் பிரஷர்.
நூற்றி அறுபதுக்கு நூறு.
இலக்கத்தை எழுதிவிட்டுச் சந்தமாலி மிஸ்
முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்கிறாள்.
"பயம் வேணாம் தங்கச்சி" என்கிறாள்
தனக்குத் தெரிந்த தமிழில்.
"பய நே மிஸ்" என்கிறேன்
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.
ஆளுக்காள் மற்றவளின் மொழியில்
பொய் சொல்லிக்கொள்கிறோம்.

மீன்பிடிச் சங்கத்தில் கணக்கெழுதுகிறவள் நான்.
சூடை எத்தனை கிலோ, பாரை எத்தனை,
யாருக்கு எவ்வளவு கடன்,
ஒரு நாளும் பிழைத்ததில்லை.
இங்கே தந்திருப்பது ஒரே ஒரு கணக்கு:
பொழுதுக்குள் பத்துத் துடிப்பு.
நாலா, ஐந்தா?
இப்போது புரண்டது வாயுவா, பிள்ளையா?
பென்சிலைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேன்.

போன முறை
எண்ணத் தொடங்குமுன்னமே முடிந்துபோனது.
அதற்கென்று வாங்கிய மஞ்சள் தொப்பி எங்கே என்று
ஒருவரும் கேட்கவில்லை.
எனக்கும் தெரியாது.

அதனால்தான்
வெள்ளைத் துணி பன்னிரண்டு, பஞ்சு, பேசின் என்று
வாட்டில் தந்த பட்டியலை
நாலாக மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன்.
பட்டியல் இருந்தால் பரவாயில்லை.
சாமான் வந்தால்தான் கண்படும்.

பக்கத்துக் கட்டில் றிஸ்மியா, கிண்ணியா.
அவளுக்கு இது நாலாவது.
தோய்த்துத் தோய்த்து மெத்தென்றான சாரத்தைப்
பல்லால் கடித்து, கையால் சர்ரென்று கிழித்துச்
சதுரம் சதுரமாக அடுக்குவாள்.
அந்தச் சத்தம் எனக்குக் கூசும்.
பார்க்க வருகிற நேரமெல்லாம்
நிரோஜன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் கவனிக்கவில்லை.

வியாழன் இரவு ஏழோடு நின்றது.

எட்டு மணி.
ஒன்பது.
வெளியே மான்கள் வருகிற நேரம்,
சோற்றுப் பார்சல் தாளை அவை மெல்லுவது
காதுக்குள் மெல்லுவதுபோல் கேட்டது.
றிஸ்மியா சீனித் தண்ணி கரைத்துத் தந்தாள்.
வயிற்றைத் தட்டினாள். ஓதினாள்.
பிறகு செருப்பில்லாமல் ஓடினாள்.

சந்தமாலி மிஸ் கூம்புக் குழாயை வைத்துக்
காதைப் பதித்தாள்.
அங்கே இல்லை.
கொஞ்சம் கீழே.
அவளுடைய தொப்பி ஊசி என் விலாவில் குத்தியது,
குத்தட்டும் என்று கிடந்தேன்.
அவள் பேசவில்லை.
எந்த மொழியிலும் பேசவில்லை.
என் முழங்கையைப் பிடித்து
இரண்டு விரலால் தட்டத் தொடங்கினாள்,
வேக வேகமாக,
கட்டிய வள்ளம் அலையில் இடிபடுகிறமாதிரி
டக் டக் டக் டக் டக்.

அது அவள் கேட்டுக்கொண்டிருந்தது.
அப்படியே என் தோலில் எழுதினாள்.

எட்டாவது துடிப்பு
பத்தேகாலுக்கு.
கோபக்காரப் பிள்ளைபோல, விலாவில்,
ஊசி குத்திய அதே இடத்தில்.

காலையில் நிரோஜன் ஒரு ஷொப்பிங் பை கொண்டுவந்தார்.
எனக்குத் தரவில்லை, கதிரையில் வைத்தார்.
பழைய சாரம், பன்னிரண்டு சதுரம்.
விளிம்பெல்லாம் மடித்துத் தைத்திருந்தார்,
வலை பொத்துகிற நைலோன் நூலால்.

"பிள்ளைக்குக் குத்தாதா?" என்றேன்.
அவர் தடவிப் பார்த்தார்.
"குத்தும்தான்" என்றார்.
கன நாளைக்குப் பிறகு சிரித்தேன்.
பிரஷர் ஏறும், சிரிக்காதே என்றாள் றிஸ்மியா.

இடப்பக்கம் சரிந்தபடி
ஒவ்வொரு தையலாக அவிழ்க்கிறேன்.
இறுக்கமான முடிச்சு, மனுசன் கடலுக்குத் தைத்ததுபோல் தைத்திருக்கிறார்.
இரண்டு துணி முடிந்தது.
இன்னும் பத்து.

இன்றைக்கு இதுவரை
ஆறு.