நான்காவது சீட்டுக்குப் பதில்

மதாம் தீவொலே,
வைப்பருக்கு அடியில் நீங்கள் செருகிய
நான்காவது சீட்டும் கிடைத்தது.
'முற்றம் எல்லோருக்கும் பொது' –
சிவப்பு மசி, கீழே இரண்டு கோடு.
இரண்டாவது கோட்டில் காகிதம் கிழிந்திருந்தது.

ஆமாம், என் கார்தான்.
இரண்டு குதிரை என்று பெயர் அதற்கு.
தின்பது ஒரு குதிரை அளவு,
கழிவது இரண்டும்.

ராத்திரியில் நீங்கள் அடியில் தள்ளிவிடும்
பீட்சா அட்டைகளை நான் எறியவில்லை.
தேதி போட்டு அடுக்கியிருக்கிறேன்.
பிப்ரவரி ஒன்பது: ஏழு சொட்டு, இடப்பக்கம்.
பதினொன்று: சின்னத் தீவுக் கூட்டம்.
பதினாறாம் தேதிக் கறை
நம்மூர்க் கான்ஸ் ஆற்றைப் போலவே வளைந்து போய்
அட்டையின் ஓரத்தில் அருவியாயிற்று.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள்.
முன் சீல் மாற்றினேன்.
பின் சீலுக்காக எஞ்சினையே இறக்கினோம்,
நானும் தங்கை புருஷன் பஸ்தியாங்கும்.
அவன் இடுப்பு இன்னும் சரியாகவில்லை.
ஹெட் மூடி இரண்டுக்கும் புது கேஸ்கட்,
புஷ்ராட் குழாய் நான்குக்கும் புது ரப்பர்.
ஒரு கதவை அடைத்தால்
ஆயில் அடுத்த கதவைத் தட்டியது.

கசிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே வர அதற்கு ஆசையில்லை,
யாரோ பிடரியைப் பிடித்துத் தள்ளுகிறார்கள் என்று
புரிய ஒரு குளிர்காலம் பிடித்தது.

பாருங்கள்,
இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது.
முகத்தில் ஒரு விசிறி, எதிர்க்காற்று, அவ்வளவுதான்.
வெளியே அத்தனை காற்று.
உள்ளே
இரண்டு பிஸ்டன், காலோடு கால் வைத்துப் படுத்தவை.
போனால் சேர்ந்து போகும்.
வந்தால் சேர்ந்து வரும்.
சேர்ந்து வரும்போது
கிராங்க்கேஸ் வயிற்றுக் காற்றுக்கு நிற்க இடமில்லை.
எங்கே இடுக்கோ அங்கே பிதுங்கும்:
ஹெட் மூடியோரம், சீல் விளிம்பு,
சிலருக்கு, வைப்பருக்கு அடியில்.

அதற்கென்றே ஆயில் ஊற்றும் குழலுக்குள்
ஒரு ரப்பர் நாக்கு வைத்திருக்கிறார்கள்.
போகிற மூச்சை விடும்.
திரும்பி வருவதை விடாது.
நிமிஷத்துக்கு ஆயிரம் முறை விட்டு விட்டு
உள்ளே எப்போதும்
கொஞ்சம் வெறுமை.

ஆயிலை உள்ளே இருத்துவது
நான் மாற்றிய எதுவும் இல்லை, மதாம்.
அந்த வெறுமை.

அன்று இரவு பத்து மணிக்கு
முற்றத்தில் நான் பலகையோடு உட்கார்ந்திருந்தது அதற்குத்தான்.
தெளிவான குழாயை வளைத்து ஆணியடித்து,
கண்ணுக்குத் தெரியட்டும் என்று
தண்ணீரில் மாதுளை சிரப் கலந்து,
ஆயில் கம்பியின் துளையில் ஒரு முனையைச் செருகி
ஸ்டார்ட் செய்தேன்.
சிவப்பு நீர் மறுமுனையில் ஏறி
என் சட்டையில் துப்பிற்று.

நீங்கள் அங்கியோடு இறங்கி வந்தீர்கள்.
ஐந்தாவது சீட்டு நேரிலேயே வருகிறது என்று
கழுத்தைக் குறுக்கிக்கொண்டேன்.
'இது குடிக்கவா?' என்று கேட்டீர்கள்.
ஆறு வருஷத்தில்
கோடு போடாமல் நீங்கள் சொன்ன முதல் வாக்கியம்.

நாக்கைக் கழற்றினேன்.
நகம் போல் விறைத்து, பாதி திறந்தபடி.
வளைத்ததும் பிஸ்கட்டாக ஒடிந்தது.
புதிதாகப் போட்டேன், பதினேழு யூரோ.
பஸ்தியாங்கிடம் விலையைச் சொல்லவில்லை.
மறுபடி சிரப், மறுபடி குழாய்.
இந்தத் தடவை சிவப்பு
எஞ்சின் பக்கமாக மூன்று விரற்கடை ஏறி
நடுங்கி
அங்கேயே நின்றது.
விளக்கை அணைக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு காலையாக அட்டை உலர்ந்திருக்கிறது.
ஆனாலும் வைக்கிறீர்கள்.
நேற்று மட்டும் ஒரு துளி.
வயிறு கலங்கி, ஈரக் கல்லில் முழங்காலிட்டு
விரலால் தொட்டு முகர்ந்தேன்.

தக்காளி.
கொஞ்சம் ஓரிகானோ.

– ஒதீல் க்ரூஸே, மூன்றாம் மாடி

பி.கு.: வெள்ளிக்கிழமைகளில்
எந்தக் கடையில் வாங்குகிறீர்கள்?