மூடாதே

திற என்று சொல்ல இந்த மொழியில் சொல் கிடையாது.
ஷட்டவுன் என்றால் வாசல் மூடும்.
திறக்க வேண்டுமா,
நோ ஷட்டவுன்: மூடாதே.
சொன்னதை அழிக்கவும் அப்படித்தான்,
அதே வாக்கியத்தை முழுதாகத் திரும்ப எழுதி
முன்னால் ஒரு நோ.
பதினொரு வருடமாக
மறுத்து மறுத்துத் திறந்துகொண்டிருக்கிறேன்.

புந்தா அரேனாஸ், ஜூன், இரவு இரண்டு பத்து.
காற்று தகரக் கூரையின் விளிம்பைப் பிடித்து
ஆணி எத்தனை என்று எண்ணுகிறது.
திரையில் புவெர்தோ எதேன் சுகாதார நிலையத்து ரவுட்டர்.
கப்பலில் ஒரு பகல் ஓர் இரவு,
எனக்கு ஒரு விரல்.

கான்ஃபிக் டெர்மினல் என்று தட்டியதும்
பெயருக்குப் பின்னால் ஓர் அடைப்புக்குறி முளைக்கும்.
இனி நீ சொல்வதெல்லாம் நடக்கும் என்று பொருள்.
நிச்சயமா என்று கேட்காது.
சரியாகச் சொன்னால் பதிலே இராது.
பிசகினால் மட்டும்
பிசகிய எழுத்தின் காலடியில் ஒரு சின்னக் கூம்பு.
இலக்கணம் கெடாத முட்டாள்தனத்துக்குக்
கூம்பு கிடையாது.

உள்ளே போகுமுன் ஒன்று செய்திருந்தேன்:
ரீலோட் இன் டென்.
பத்து நிமிடத்தில் நான் வந்து தடுக்காவிட்டால்
நீயே செத்துப் பிழைத்துக்கொள்,
நான் சேமிக்காத எதையும் நினைவில் வைக்காதே.
போன ஆகஸ்டில் இதை மறந்துதான்
கப்பலேறிப் போய் ஒரு சுவிட்சை அமுக்கினேன்.
எதெல்மிரா சிப்பி சூப் ஊற்றித் தந்து
"இதுக்கா வந்தே, யஸ்னா?" என்று
கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

இன்றைய வேலை,
யாரையெல்லாம் விடலாம் என்று ஒரு பட்டியல்.
எக்ஸ்-ரே போகலாம். மருந்துக் கணக்கு போகலாம்.
வாட்ஸ்அப், வீடியோ, பாவம், போகட்டும்.
பட்டியலை வாசலில் மாட்டினேன்.
எண்டர்.

கூம்பு வரவில்லை.
எதுவுமே வரவில்லை.

எந்தப் பட்டியலின் அடியிலும்
எழுதாத ஒரு வரி இருக்கும்:
மற்ற எவருக்கும் இல்லை.
தெரியும். வகுப்பெடுத்து நாலு பேருக்குச்
சொல்லியும் இருக்கிறேன்.
பட்டியலில் எல்லாரும் இருந்தார்கள்,
எழுதியவளைத் தவிர.

பிங் அனுப்பினேன்.
புள்ளி. புள்ளி. புள்ளி. புள்ளி.
ஐந்தாவதும் புள்ளி.

கைப்பேசியில் எதெல்மிராவின் பெயருக்கடியில் ஆன்லைன்.
அப்போதுதான் உறைத்தது.
அங்கே எதுவும் அறுபடவில்லை,
நான் மட்டும்தான் வெளியே.
ஆனால் கெடு ஓடுகிறது.
அதை நிறுத்துவதென்றாலும்
உள்ளே இருந்தாக வேண்டும்.

"முழிச்சிருக்கியா?"
"நைட் டியூட்டி. வால்திவியால மகன்கூடப் பேசிட்டிருக்கேன். காலையில பரீட்சை, தூக்கம் வரலையாம்."
"இன்னும் ஆறு நிமிஷத்துல லைன் போயிரும். என்னாலதான். நாலு நிமிஷத்துல திரும்பிரும். மன்னிச்சிரு."
இரண்டு நீல டிக்.
எனக்கு வழி விடாத பெட்டி
என் மன்னிப்பை மட்டும் தூக்கிப் போய்க் கொடுத்திருந்தது.

"சரி," என்று எழுதினாள்,
"அப்போ சொல்ல வந்ததை முதல்ல சொல்லிடுறேன்."

என்ன சொன்னாளோ.

கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். குடிக்கவில்லை.
ஆன்லைன் என்ற சொல் அணைந்தபோது
இரண்டு இருபத்திரண்டு.
புள்ளிகள் திரை விளிம்பைத் தொட்டு
அடுத்த வரிக்கு இறங்கின, அதற்கடுத்த வரிக்கும்.
நடுவே திடீரென்று ஓர் ஆச்சரியக்குறி.
பிறகு வரிசையாக.

என் பிழையைப் பற்றி ஒன்றும் அறியாமல்
நேற்றைய நினைவோடு எழுந்திருந்தது.

மறுபடி கெடு வைத்தேன்.
பட்டியலின் முதல் வரியில் என் எண்ணைப் போட்டேன்,
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.
மாட்டினேன்.
இருந்தேன்.
கெடுவை ரத்து செய்து
ரைட் என்று தட்டியபோது மணி மூன்றாகப் போகிறது.

எதெல்மிரா எழுதியிருந்தாள்:
"பெட்டியில விளக்கெல்லாம் அணைஞ்சு எரிஞ்சுது. நீதானா?"
நான்தான்.
"டிக்கெட் காசு மிச்சம் உனக்கு.
சூப்பும் போச்சு."